யாப்பு, பிரிவு ஒன்பது

ஒன்பது பேர் கொண்ட சபைக்கு
ஐந்து பேர் கோரம்.
அன்று வந்தது ஐந்தே பேர்.
மழை. தெகிவளைப் பாலத்தில் நெரிசல்.
ஒருவர் கனடாவில், மகளின் பிரசவத்துக்கு.

வெள்ளவத்தையில், கடல் பக்க ஒழுங்கையில்,
பாமசிக்கு மேல்மாடி.
நோயாளருக்குச் சக்கரக் கதிரை இரவல் கொடுக்கும் சங்கம்
பதினெட்டு வருடமாகக் கூடும் அறை.
மூலையில் பதினான்காம் இலக்கக் கதிரை,
முதல்நாள்தான் திரும்பி வந்தது.
இடது சில்லில் யாரோ ஒருவரின் முற்றத்துச் சிவப்பு மண்.

நிகழ்ச்சி நிரலில் ஆறாவது: இரவல் விண்ணப்பம்.
இராசமலர், அறுபத்து மூன்று, வலப்பக்கம் வாதம்.
உறவு என்ற கட்டத்தில்
எங்கள் பொருளாளர் சிவகடாட்சத்தார்
தன் சுத்தமான கையெழுத்தில்
‘மனைவி’ என்று எழுதியிருந்தார்.

யாப்பை எடுங்கோ, என்றார் மர்சூக்.
ரோனியோப் பிரதி. பிரிவு ஒன்பது, பந்தி இரண்டு:
‘தன் நலன் தொடர்புற்ற விடயம் ஆராயப்படுகையில்
அவ்வுறுப்பினர் அறையை விட்டு நீங்குதல் வேண்டும்.’
நான் வாசித்து முடிக்கமுன்பே எழுந்துவிட்டார்.
பந்தியை எழுதியதே அவர்தான்.

கதவு சாத்தியது.
நாங்கள் நால்வர்.

பிரிவு ஏழு:
‘கோரமின்றி எடுக்கப்படும் தீர்மானம் செல்லாது.’

அவரைக் கூப்பிடுங்கோ, என்றா சகாயதேவி.
உள்ளே வந்தால் ஒன்பது மீறும்.
வெளியே நின்றால் ஏழு மீறும்.
வாசல்படியில் நிற்கச் சொல்லுங்கோ,
ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே –
சொன்னது யார் என்று நான் குறிப்பில் எழுதவில்லை.
சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

பாணந்துறை ரயில் போனது;
ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத அரை நிமிடம்.
கண்ணாடிக்கு அப்பால் அவர் முதுகு.
விரிக்காத குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி.
அவர்கள் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் இருக்கிறது.
கட்டிலில் இருந்து லிப்ட் வரைக்கும்தான் ஒன்றும் இல்லை.

முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் நான்.
யாப்பு என்றால் எனக்கு முதலில் வருவது
அசை, சீர், தளை, அடி.
யாத்தல் என்றால் கட்டுதல்.
நேரிசை அகவலில் ஈற்றயலடி
ஒரு சீர் குறைந்தே வரும், மூன்றாய்.
பிழை இல்லை.
குறைவதற்கும் ஓர் இடம் விட்டுக் கட்டிய கட்டு அது.
எங்கள் கட்டில் அந்த இடம் இல்லை.
நாலு சீரோடு தளை தட்டி நின்றோம்.

கோரம் இல்லாத சபைக்கு
ஒத்திவைக்க மட்டும் உரிமை உண்டு.
ஒத்திவைத்தோம்.
உள்ளே வந்து, சரி, என்றார்.
ஏழாவது விடயம் மின்சாரக் கட்டணம்.
சதம் பிசகாமல் வாசித்தார்.

படியிறங்கும்போது மர்சூக் மெதுவாக:
டீச்சர், அறைத் திறப்பு உங்களிட்டத்தானே.
என்னிடம்தான்.
கொடுத்தாலும் வாங்கியிருக்கமாட்டார்,
அதனால்தான் கேட்கவில்லை என்று
அன்றிரவு எனக்கு நானே சொன்னேன்.
வாங்கிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது.

பதினான்கு நாள் அறிவித்தல்.
விசேட பொதுக்கூட்டம், இருபத்தாறு அங்கத்தவர்.
நான் எழுதிய திருத்தம் ஒரே வரி:
‘நலன் கருதி வெளியே நிற்பவரும் கோரத்தில் எண்ணப்படுவார்.’
யாருடைய நலன், என்று பின்வரிசையில் ஒரு குரல்.
‘தன்’ சேர்த்தோம்.

அடுத்த சபைக்கும் ஐந்தே பேர்.
ஆறாவது விடயம். அவர் எழுந்து போனார், அதே படி.
எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
கண்ணாடிக்கு அப்பால்
ஐந்து.

வைப்புப் பணம் இரண்டாயிரம்.
தன் காசுக்குத் தானே பற்றுச்சீட்டு எழுதக்கூடாது என்றார்.
நான் எழுதினேன்.
கார்பன் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டேன்;
பிரதி, மூலத்தின் முதுகிலேயே விழுந்தது.
கோவையில் அந்தப் பக்கம் வெறுமையாய் இருக்கிறது.